பிள்ளை அழுதால் அடுப்பை அணைக்க முடியுமா? வேலையா, சமையலா என்று யோசிக்கும் புதுத் தாய்மாருக்கு

மகளுக்கு ஐந்து மாதம் ஆனபோது எனக்கு முன்னால் ஐந்து வழி இருந்தது. சென்னையில் ஏழு வருடமாகப் பார்த்துவந்த சம்பளப் பட்டுவாடாப் பிரிவு வேலைக்குத் திரும்புவது. காரைக்குடியில் அம்மா வீட்டிலேயே இருந்து பலகாரமும் மசாலாப்பொடியும் செய்து விற்பது. சித்தியோடு சேர்ந்து மெஸ் நடத்துவது. கல்யாணச் சமையலுக்குப் போவது. கானாடுகாத்தான் பக்கம் வருகிற வெளியூர்க்காரர்களுக்குச் சமையல் சொல்லிக்கொடுப்பது.

இப்போது அவளுக்கு 1 வயது 4 மாதம். இந்த ஐந்தில் மூன்றைச் செய்து பார்த்துவிட்டேன். மற்ற இரண்டையும் பக்கத்தில் நின்று பார்த்தே வளர்ந்தவள். என்னோடு வேலை பார்த்த பெண்கள், பள்ளித் தோழிகள் என்று ஆறேழு பேர், வேலைக்குத் திரும்புவதா சமையலில் இறங்குவதா என்று கேட்டுவிட்டார்கள். தனித்தனியாகச் சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன்.

“வேலையை விட்டுட்டுச் சமையல்ல இறங்கப் போறேன்” என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். ஆனால் சமையல் என்பது ஒரே தொழில் இல்லை. மெஸ்காரரின் நாளும் பலகாரம் சுடுகிறவரின் நாளும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. வருமானம், முதலீடு எல்லாவற்றையும் பிறகு பார்க்கலாம். பிள்ளை அழுதால் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டுப் போக முடியுமா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு சட்டி வெல்லப்பாகு.

அவளுக்கு நாலு மாதம். அதிரசத்துக்குப் பாகு வைத்திருந்தேன், இரண்டு கிலோ வெல்லம். பாகைக் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் விட்டுப் பார்த்தால் கரையாமல் கையில் மெத்தென்று உருள வேண்டும். அந்தப் பதம் வருவதும் தாண்டுவதும் ஒரு நிமிட விஷயம். தொட்டிலில் அவள் வீறிட்டாள். ஓடிப்போய்த் தூக்கித் தட்டிக்கொடுத்துவிட்டுத் திரும்பினால் பாகு முறுகிக் கல்லாக நின்றது. அப்பத்தா எட்டிப் பார்த்துவிட்டு, “பாகு வைக்கையில எந்திரிச்சுப் போகக் கூடாதுன்னு தெரியாதா? பிள்ளைய யார்கிட்டயாவது குடுத்துட்டு அடுப்புக்கு வா” என்றார். சட்டியை ஊறப் போட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து யோசித்தேன். எந்த வேலையை எப்போது செய்வது என்ற கணக்கு அன்றைக்குத்தான் தொடங்கியது.

முதலில் அலுவலகம். அதை லேசாக ஒதுக்கிவிட முடியாது. மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு பிள்ளைகளுக்கும் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும், ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்த்துவரத் தாய்க்கு உரிமை உண்டு. எங்கள் அலுவலகத்திலும் காப்பகம் இருந்தது, ஆறு கிலோமீட்டர் தள்ளி. நான்கு முறை போய்வந்தால் அன்றைய பொழுது சாலையிலேயே முடிந்துவிடும். அதனால் பிள்ளையை வீட்டிலேயே பார்த்துக்கொள்ள ஓர் அம்மாவை வைத்தோம். ஒரு சின்ன மீட்டிங் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பால் எடுத்து, ஃப்ரிட்ஜில் பெயர் எழுதி வைத்து, சாயங்காலம் பையில் கொண்டுபோவேன். எடுத்த பால் வெளியில் நான்கு மணி நேரம் தாங்கும், ஃப்ரிட்ஜில் நான்கு நாள். இப்படி மூன்று மாதம் ஓட்டினேன். ஓட்ட முடிகிற காரியம்தான். முடியாது என்று பயமுறுத்துவது சரியில்லை.

பணக் கணக்கை நான் எப்படிப் போட்டேன் என்று சொல்கிறேன். கைக்கு வந்தது 62,000. பிள்ளையைப் பார்த்துக்கொள்பவருக்கு 15,000. அலுவலகத்துக்குப் பக்கத்தில் வீடு மாறியதால் கூடிய வாடகை 8,000. போய்வர 6,000. சமைக்க நேரமில்லாமல் வெளியில் வாங்கியது 4,000. ஆக 33,000 அந்த வேலைக்காகவே போனது, மிச்சம் 29,000. சமையல் வருமானத்தை எல்லோரும் முழுச் சம்பளத்தோடு ஒப்பிட்டுவிட்டு மலைத்துப் போகிறார்கள். ஒப்பிட வேண்டியது இந்த 29,000 ரூபாயோடு. கூடவே சம்பளச் சீட்டில் கண்ணில் படாமல் போகிற இரண்டும் உண்டு: பி.எஃப்.பில் நிறுவனம் போடுகிற பங்கு, குடும்பத்துக்கே சேர்த்து இருக்கும் மருத்துவக் காப்பீடு.

பட்டுவாடாப் பிரிவில் இருந்தவள் என்பதால் இன்னொன்றும் அழுத்திச் சொல்வேன். ஐந்து வருடம் முடியச் சில மாதம் இருக்கும்போது ராஜினாமாக் கடிதம் கொடுத்துப் பணிக்கொடையை (கிராஜுவிட்டி) விட்டவர்களின் கணக்கை என் கையாலேயே முடித்திருக்கிறேன். மகப்பேறு விடுப்பும் பணிக்காலத்தில்தான் சேரும். நான் வேலையை விட்டபோது, கடைசி அடிப்படைச் சம்பளத்தை (பஞ்சப்படி இருந்தால் அதையும் சேர்த்து) 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, முடித்த வருடங்களால் பெருக்கினால் வருவதுதான் தொகை. என் அடிப்படைச் சம்பளம் 28,000, ஏழு வருடம், ஒரு லட்சத்துப் பதின்மூவாயிரம் வந்தது. கிரைண்டர், பெரிய வடைச்சட்டி, தராசு, பாக்கெட் ஒட்டுகிற மெஷின் எல்லாம் அதில் வாங்கியவைதான். சிறு தொழிலுக்கு முத்ரா திட்டத்தில் ‘சிசு’ பிரிவில் 50,000 வரை கடன் கிடைக்கும் என்று தெரிந்தும் நான் போகவில்லை. பச்சைப்பிள்ளை இருக்கும் வீட்டில் மாதத் தவணையும் சேர வேண்டாம் என்று நினைத்தேன். மருத்துவக் காப்பீட்டையும் வேலையில் இருக்கும்போதே தனியாக எடுத்துவிடுங்கள். புது பாலிசியில் பல நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் இருக்கும், அது ஓடி முடியட்டும்.

சரி, மெஸ். காரைக்குடியில் மெஸ் என்றால் மதியம் பந்தி பந்தியாக ஆள் உட்காரும். ஐந்து வழியில் அதிகப் பணம் தரக்கூடியதும் இதுதான். சித்தி பதினைந்து வருடமாக நடத்துகிறார். காலை நாலு மணிக்கு எழுந்திருப்பார், ஆறு மணிக்குள் மீனும் கறியும் வந்தாக வேண்டும், பதினொன்றரைக்குள் எல்லாக் குழம்பும் இறக்கியாக வேண்டும். பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை சித்தியிடம் யாரும் பேச முடியாது. 19 கிலோ வணிக சிலிண்டர், கடை வாடகை, இரண்டு மாஸ்டர், பரிமாற மூன்று பேர், விற்காமல் போன மீன் என்று ஒவ்வொரு நாளும் புதிதாக ஜெயிக்க வேண்டும். பங்குக்கு வரட்டுமா என்று கேட்டபோது சித்தி யோசிக்கவே இல்லை. “மெஸ்ஸுக்கு ரெண்டு நாள் லீவு விட்டா வாடிக்கை அடுத்த கடைக்குப் போயிரும்த்தா. உன் பிள்ளைக்குக் காய்ச்சல்னு கதவுல எழுதிப் போட முடியுமா? அது பள்ளிக்கூடம் போகட்டும், அப்புறம் வா.” அவர் மகன் கல்லாப்பெட்டிக்குக் கீழே பாய் விரித்துத் தூங்கி வளர்ந்தவன். சித்தி அதைப் பெருமையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

கல்யாணச் சமையலை நான் ஆரம்பத்திலேயே தள்ளிவிட்டேன். அம்மா இருபது வருடம் பலகாரக் கைக்காகப் போனவர். தை, வைகாசி, ஆவணி என்று முகூர்த்த மாதங்களில் வேலை குவியும், ஆடியிலும் மார்கழியிலும் கை காயும். முதல் நாள் மதியம் போனால் மறுநாள் மதியம்தான் வீடு. பால் கொடுக்கிற உடம்போடு ஒரு முழு நாள் பிள்ளையை விட்டுப் பிரிந்திருந்தால் பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாகிவிடும், காய்ச்சல் வரும். பிள்ளை பால் மறந்த பிறகு யோசிக்க வேண்டிய தொழில் அது.

மீதம் இருந்தது வீட்டிலிருந்து செய்கிற பலகாரமும் பொடியும். இதையும் ஒரே சரக்காகப் பார்க்கக் கூடாது.

வெள்ளைப் பணியாரம் எங்கள் பக்கத்துப் பெருமை. ஒரு உழக்குப் பச்சரிசியை நிறைய அளந்து, அதன் தலையில் கோபுரமாக எவ்வளவு உளுந்து நிற்குமோ அதுதான் அளவு. இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வெண்ணெய்போல் அரைத்து, ஒரு கரண்டி எண்ணெயில் விட்டால் தானே உப்பி மேலே வரும். சுட்ட சூட்டில் மிளகாய்ச் சட்னியோடு சாப்பிட வேண்டும், அரை மணி நேரத்தில் தொய்ந்துவிடும். நிறையப் பேர் முதலில் இதைத்தான் கேட்பார்கள். நான் எடுப்பதில்லை. வாடிக்கையாளர் வருகிற நேரத்துக்கு நான் அடுப்படியில் நிற்க வேண்டிய பலகாரம் எனக்கு இப்போது ஒத்துவராது.

தேன்குழல் ஒத்துவருகிறது. மாவைப் பிசைந்து வைத்துவிட்டுச் சுணங்கினால் சிவந்து போகும், எண்ணெய் குடிக்கும். அதனால் மொத்த மாவையும் ஒரேயடியாகப் பிசையாமல் இரண்டு ஈட்டுக்கு வேண்டியதை மட்டும் தண்ணீர் விட்டுப் பிசைவேன். பிழிந்துவிட்டால் எண்ணெயின் சலசலப்பு அடங்க ஐந்தாறு நிமிடம். அவள் அழுதால் அந்த ஈட்டை அரித்தெடுத்து அடுப்பை அணைத்துவிட்டுப் போகலாம். திரும்பி வந்து எண்ணெயைக் காயவைத்தால் போதும், ஒன்றும் கெடாது. சீப்புச் சீடையை உட்கார்ந்து சுற்றிச் சுற்றி வைப்பதற்கு நேரம் பிடிக்கும், ஆனால் நடுவில் எத்தனை முறை எழுந்தாலும் பாதகமில்லை. அதிரசத்தில் பாகு வைக்கிற அரைமணி நேரம்தான் சிக்கல். மாவைக் கிளறி வைத்துவிட்டால் அது ஓரிரு நாள் ஊறத்தான் வேண்டும், சுடுகிற நாளை நம் வசதிக்கு வைத்துக்கொள்ளலாம். பாகு வேலையை அம்மா பிள்ளையோடு இருக்கிற நேரத்துக்கு மாற்றிவிட்டேன்.

மசாலாப்பொடிதான் பிள்ளைக்காரிக்கு ரொம்ப அனுசரணையான சரக்கு. வெயிலில் காய்கிற மல்லியும் மிளகாயும் நம்மை எதிர்பார்ப்பதில்லை. சோம்பு, கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ என்று சின்னச் சின்ன பாகமாக வறுத்துத் தட்டில் கொட்டிவிட்டுப் போகலாம், மறுநாள் அரைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு எச்சரிக்கை. மிளகாயைக் காம்பு கிள்ளிய கையை வெறும் தண்ணீரில் கழுவிவிட்டு ஒருநாள் பால் கொடுக்கப் போனேன். என் விரல் பட்ட இடம் சிவந்து, பிள்ளை துடித்த துடிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றையிலிருந்து மிளகாய் அம்மா பொறுப்பு. நான் தொட நேர்ந்தால் எண்ணெய் தேய்த்து, சோப்புப் போட்டு, சேலையையும் மாற்றிவிட்டுத்தான் அவளைத் தூக்குவேன். மிளகாய் வறுக்கிற நாளில் அவள் பக்கத்து வீட்டில் இருப்பாள்.

வருமானத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோ தேன்குழல் 400 ரூபாய்க்குப் போகிறது. அரிசி, உளுந்து, வெண்ணெய், எண்ணெய் 170. கேஸும் பாக்கெட்டும் 30. கூடமாட உதவுகிறவருக்கு 50. கையில் நிற்பது 150. செவ்வாய், வெள்ளி இரண்டு நாள் மட்டும், நாளுக்குப் பத்து கிலோ. மாதம் 80 கிலோ, 12,000. பொடி கிலோ 600, நிற்பது 200, மாதம் 45 கிலோ போகிறது, 9,000. இரண்டும் சேர்ந்து 21,000. தீபாவளிக்கு முந்தைய மாதம் இதைப்போல இரண்டு மடங்கு வந்தது.

இந்த 21,000-லிருந்து அம்மாவுக்கு 5,000 கொடுக்கிறேன். முதல் இரண்டு மாதம் கொடுக்கவில்லை, அது என் தப்பு. பெற்ற அம்மா செய்கிற உதவியைக் கணக்கில் சேர்க்காமல் லாபம் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. முட்டி வலியோடு ஒரு கையில் பேத்தியையும் ஒரு கையில் சாரணியையும் வைத்துக்கொண்டு நிற்கிற உழைப்பு அது. ஆக எனக்கு நிற்பது 16,000. அலுவலகக் கணக்கோடு பார்த்தால் மாதம் 13,000 குறைவு. அது தெரிந்துதான் இதைத் தேர்ந்தெடுத்தேன். அவள் முதல் அடி எடுத்து வைத்தபோது நான் கொல்லைப்புறத் தகரக் கொட்டகை வாசலில், பத்தடி தூரத்தில் இருந்தேன். அந்த 13,000 ரூபாயில் இதுவும் சேர்த்தி என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

பணமல்லாத இழப்பும் உண்டு. என் வீட்டுக்காரர் திருச்சிக்கு மாற்றல் வாங்கி, வாரக் கடைசியில்தான் வருகிறார். சனிக்கிழமை காலையில் அவரைப் பார்த்ததும் மகள் என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். மதியத்துக்கு மேல்தான் அவரிடம் போவாள். அவர் சிரித்துக்கொண்டேதான் இருப்பார், ஆனால் எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

பதிவு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். என்னைப்போன்ற சிறு தயாரிப்பாளருக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிமம் தேவையில்லை, பதிவு போதும், நான் பதிவு செய்தபோது ஆண்டுக்கு 100 ரூபாய்தான். பாக்கெட்டில் அந்த எண், சேர்மானம், எடை, செய்த தேதி, சைவத்துக்கான பச்சைக் குறி எல்லாம் வர வேண்டும். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள். அதற்கும் 2018 ஜூலையிலிருந்து வரம்பு வைத்திருக்கிறார்கள். வீட்டு உபயோகச் சிலிண்டரில் வியாபாரத்துக்குச் சமைக்கக் கூடாது. அடுப்பை வீட்டுக்குள் வைக்காமல் கொல்லையில் கொட்டகை போட்டு, இடுப்பளவு கதவும் போட்டபிறகுதான் முதல் ஆர்டரே எடுத்தேன். எட்டு மாதத்தில் தவழ்கிற பிள்ளைக்கு வடைச்சட்டி எண்ணெய் எவ்வளவு பக்கம் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஐந்தாவது வழி, சொல்லிக்கொடுப்பது. கானாடுகாத்தானிலும் சுற்றுப்பட்டிலும் பெரிய வீடுகள் பலவற்றைத் தங்கும் விடுதிகளாக மாற்றியிருக்கிறார்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த முற்றத்தையும் பர்மா தேக்குத் தூண்களையும் பார்க்க வருகிறவர்கள், மசாலா எப்படி வறுக்கிறீர்கள் என்று கேட்பார்கள். குளிர்காலத்தில்தான் கூட்டம். காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை, ஒரு தடவைக்கு எனக்கு 1,500. மாதம் மூன்று வந்தால் அதிகம். ஆனால் அலுவலகத்தில் பேசிப் பழகிய ஆங்கிலம் இங்கே வீண்போகவில்லை. பார்சலுக்கு ஆகாத வெள்ளைப் பணியாரம் இங்கேதான் ராஜா. கரண்டி மாவு எண்ணெயில் உப்பி எழும்பும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். கிளம்பும்போது ஓலைக் கொட்டானில் சீப்புச் சீடை போட்டுக் கொடுப்பேன். செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு உண்டு என்று சொன்னால் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள். இதை மட்டும் நம்பி வேலையை விட முடியாது, பக்க வருமானமாக வைத்துக்கொள்ளலாம்.

எப்போது முடிவெடுப்பது என்றும் கேட்கிறார்கள். பிரசவம் ஆன முதல் மூன்று மாதத்தில் வேண்டாம். தூக்கம் கெட்டு, காரணம் தெரியாமல் அழுகை வந்து, மேனேஜரின் பெயரைப் பார்த்தாலே வெறுப்பு வருகிற காலம் அது. எனக்கும் வந்தது. பத்தியச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். அழுகை நாள்கணக்கில் விடவில்லை என்றால் தடுப்பூசிக்குப் போகும்போது, ஆறாவது வாரமோ பத்தாவது வாரமோ, மருத்துவரிடம் உங்களைப் பற்றியும் சொல்லுங்கள். நான் பதினாலாவது வாரத்தில்தான் சொன்னேன், இன்னும் முன்னால் சொல்லியிருக்கலாம். ராஜினாமாவை விடுப்பு முடிந்து, திரும்பப் போய்ப் பார்த்து, கணக்கைக் கண்ணால் கண்டபிறகு கொடுக்கலாம்.

பிள்ளையைப் பிடிக்க வீட்டில் ஆள் இல்லாதவர்களுக்கு நான் சொல்வது வேறு. பள்ளத்தூரில் என் தோழி ஒருத்திக்கு அம்மா இல்லை, மாமியாருக்குக் கண் சரியாகத் தெரியாது. அவளும் பலகாரம் போட ஆசைப்பட்டாள். பிள்ளையோடு தனியாக நின்று எண்ணெய்ச் சட்டி வைக்காதே, ஓராண்டாவது வேலையிலேயே இரு என்றேன். பொடி மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்கிறாள். மாதம் எட்டு கிலோ போகிறது. அரைக்கக் கொடுக்கிற மில்லும் எங்கள் இருவருக்கும் ஒன்றுதான், போன வாரம் அங்கே பார்த்தேன். மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். அவள் பையை நான் வாங்கிக்கொண்டேன்.